அறுப்பு முடிஞ்சதும் தரேன்

எங்க மகளிர் குழுவுக்கு இருபது வருஷம் ஆகுதாம். விழா மலர் போடுறோம், ஆளுக்கு ஒருத்தரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. யாரு யாரைப் பத்தி எழுதறதுன்னு சண்டை வந்துடப்போவுதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு வந்த சீட்டுல அம்சம்னு இருந்துச்சு. என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், நான் அக்கான்னு கூப்புடுவேன். ஒரே வீட்டை நடுவுல சுவரு வச்சுப் பிரிச்சு, அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்னு இருபத்தாறு வருஷமா இருக்கோம். ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க, எனக்குன்னு பாத்து இந்தச் சீட்டு வரணுமா.

கூடவே ஒரு படிவமும் குடுத்தாங்க. பேரு, வயசு, ஊரு, தொழில். இது வரைக்கும் மளமளன்னு எழுதிட்டேன். அம்சம், அறுபத்தி ஒண்ணு, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல இருக்கற எங்க ஊரு, போர்வை தைக்கிறது. அஞ்சாவது கேள்வி, ‘இதுவரை முடித்த வேலைகள்’. அங்க பேனாவை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.

அக்கா தைக்கிறது கடைத் துணியில இல்ல. கட்டிக் கட்டி நைஞ்ச பருத்திப் புடவையில. மேலயும் கீழயும் மெத்துன்னு ஆன புடவை. நடுவுல மட்டும் கெட்டியான துணியா, முழத்துக்கு முழம் சதுரமா வெட்டி ஒட்டுப் போட்டு வைக்கும். நல்ல துணியை உள்ள வச்சு மறைக்கிறியே, வெளியில வச்சா பாக்க அழகா இருக்குமேன்னு ஒருதரம் கேட்டேன். உடம்புல படறது பழசா இருக்கணும், தாங்கறது புதுசா இருக்கணும்னு சொல்லிட்டு நூலைக் கடிச்சுத் துப்புச்சு. ஓட்டை விழுந்த துண்டு இருந்தா அது ஓரத்துக்குப் போவும், மடிச்சு அடிக்கிறப்ப மறைஞ்சிடும்னு. எல்லாம் கைத்தையல்தான். கூடத்துல விரிச்சுப் போட்டு நாலு மூலைக்கும் படி, குழவி, அரிவாள்மணை, இட்லிக் குண்டான்னு பாரம் வச்சுட்டுக் குந்திடும். அன்னைக்கு அந்த வீட்ல இட்லியும் கிடையாது, சட்னியும் கிடையாது.

காசு வாங்காது. நம்ம பக்கம் நிலத்தை வாரத்துக்கு விடுறோம்ல, விளைஞ்சதுல நிலத்துக்காரருக்குப் பாதி, பாடுபட்டவருக்குப் பாதின்னு, அதுதான் அக்கா முறை. துணி உங்களுது, தையல் அதுது. எட்டுப் புடவை குடுத்தா ரெண்டு போர்வை. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அதுக்கு. நீங்க குடுத்த துணி ரெண்டுலயும் சரிபாதி இருக்கும். நல்லதைத் தான் எடுத்துக்கிட்டு சோடையை உங்க தலையில கட்டற வேலை அதுகிட்ட இல்ல. அதோட பங்கும் அது வீட்ல தூங்காது. கல்யாண வீடு, காரிய வீடு, எங்க நாலு பேரு வந்து ராத்தங்குனாலும் அக்கா வீட்ல இருந்துதான் போர்வை போவும். கஜா புயல் அடிச்சப்ப ஊரே கூரை இல்லாம பள்ளிக்கூடத்துல கிடந்துச்சே, அப்ப எல்லாரும் படுத்தது அம்சம் போர்வையிலதான்.

குறை ஒண்ணே ஒண்ணு. ஆரம்பிச்சதை முடிக்காது. ஒண்ணு பாதியில இருக்கறப்ப யாராவது நல்ல கலரா ஒரு புடவை கொண்டாந்து குடுத்துட்டாங்கன்னு வையுங்க, முதல்ல தச்சது மூட்டைக்குப் போயிடும். அப்பிடியும் வருஷத்துக்கு ரெண்டு மூணு எப்பிடியோ தப்பிச்சு முழுசாகிடும், அது எப்பிடின்னு அதுக்கே தெரியாது. இந்தப் படிவத்துக்காக இன்னைக்குக் காலையில சுவரைச் சுத்திப் போயி எண்ணிட்டு வந்தேன். பாதியில நிக்கிறது பதினேழு. என் மக பூர்ணிமா ஏழு மாசமா இருக்கறப்ப குழந்தைக்குன்னு ஒண்ணு கேட்டா. அந்தப் பய இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். போர்வை மூணு பக்கம் முடிஞ்சு நாலாவது பக்கம் வரப்ப அவன் காலு வெளியில வந்துடும்னு இன்னும் ஒரு முழம் சேத்துச்சு. அவன் வளர்றான், அதுவும் வளருது. அப்புறம் எலெக்சன் முடிஞ்சு மிஞ்சுன துண்டுங்களை வச்சு ஒரு தலகாணி உறை. எதிரும் புதிருமா நிக்கிற ரெண்டு கட்சித் துண்டையும் முன்னும் பின்னுமாத் தச்சு எங்க வார்டு மெம்பருக்குக் குடுத்துச்சு. எந்தப் பக்கம் தலை வச்சாலும் யாராவது பாத்துடுவாங்கன்னு பயந்துக்கிட்டு மனுஷன் திருப்பி அனுப்பிட்டாரு. ஒயர் கூடை மூணு, கைப்பிடி இல்லாம. அதுக்குள்ளதான் மத்த பாதி வேலையெல்லாம் இருக்கு. அக்கா வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் இத்தனை வருஷமா ஒரு லாட்ஜ் துண்டைப் போத்திக்கிட்டுப் படுக்கிறாரு. அவருக்குன்னு ஆரம்பிச்சது ஒயர் கூடையில இருக்கு.

எப்பக்கா முடியும்னு யாரு கேட்டாலும் ஒரே பதில்தான். அறுப்பு முடிஞ்சதும் தரேன். எந்த அறுப்புன்னு சொல்லாது. குறுவை இருக்கு, சம்பா இருக்கு, தாளடி இருக்கு. எங்க ஊர்ல அறுப்புக்கா பஞ்சம்.

இந்தப் பதிலை நான் வேற ஒருத்தர்கிட்டயும் நிறைய வாங்கியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் துரைராசு. பூர்ணிமா நாலாங்கிளாஸ் படிக்கறப்ப சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவரு. இருபத்திரண்டு வருஷம். எப்பங்க வரீங்கன்னு போன்ல கேட்டா, இந்த அறுப்பு முடிஞ்சதும் வந்துடுறேன்னு சொல்லுவாரு. அங்க என்ன வயலு, என்ன அறுப்பு? ஊரு ஞாபகத்துல சொல்றாருன்னு ஆரம்பத்துல சந்தோசப்பட்டேன். அப்புறம் அந்தச் சந்தோசமும் விட்டுப்போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஒரு மாசம் வருவாரு. மக கல்யாணத்துக்குப் பதினோரு நாளு. கூட்டிக் கழிச்சா கல்யாணம் ஆயி முப்பத்து நாலு வருஷத்துல நாங்க ஒரே கூரைக்குக் கீழ இருந்தது பன்னெண்டு பதிமூணு வருஷம் தேறும்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, அக்காவைப் பத்திச் சொல்லணும்னா ஒரு புடவையைப் பத்திச் சொல்லியாகணும். குழுவுல இதை மலர்ல போடுவாங்களோ மாட்டாங்களோ, அது அவங்க பாடு.

கஜா அடிச்ச மறுவருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. தஞ்சாவூர்ல ஆபரேஷன். அவரு வரேன்னாரு, டிக்கெட்டும் போட்டாச்சுன்னாரு. அப்புறம் வேலை முடிக்கிற நேரம், விட மாட்டேங்கறாங்க, டபுள் சம்பளம் வேற தராங்க, நீ தைரியமா இரு, அறுப்பு முடிஞ்சதும் வந்துடுறேன்னாரு. அவருக்குப் பதிலா ஒரு டிவி வந்துச்சு. நாப்பத்து மூணு இஞ்சு.

ஒன்பது நாளு ஆஸ்பத்திரியில என்கூட இருந்தது அக்காதான். கட்டிலுக்குக் கீழ உக்காந்து தச்சுக்கிட்டே இருக்கும். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லாது. ராத்திரி வலியில நான் முனகுனா கையை மட்டும் மேல நீட்டும். அந்தக் கையில ஊசி இருக்கும், பாத்துப் புடிக்கணும். வீட்டுக்கு வரப்ப அதே வார்டுல மூணு பேருகிட்ட பழைய புடவையும் அட்ரஸும் வாங்கிட்டு வந்துடுச்சு. அந்த மூணும் இன்னைக்கு எண்ணுன பதினேழுல அடக்கம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். டிவியை மாட்ட ஆளு வந்து சுவத்துல ஓட்டை போட்டுட்டுப் போனாங்க. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துல பெட்டியைத் திறந்து என் கூறைப்புடவையை எடுத்தேன். அரக்குல மஞ்சக் கட்டம் போட்டது. பட்டும் நூலும் கலந்தது. எங்க கல்யாணத்தன்னைக்கு ஹோமத்துல இருந்து ஒரு பொறி பறந்து வந்து முந்தியில விழுந்து, பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்துல உக்காந்திருந்த அவருதான் விரலை வச்சு அமுக்கி அணைச்சாரு. முப்பது பேரு பாத்தாங்க. அந்தப் புடவையை ஏழு பழம்புடவையோட சேத்து மூட்டையாக் கட்டி, சுவரைச் சுத்திப் போயி அக்கா முன்னாடி போட்டேன்.

அக்கா பிரிச்சுப் பாத்துச்சு. கூறையைத் தனியா எடுத்து வச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு.

“வெட்டுனா வெட்டுனதுதான், ராசாத்தி.”

“வெட்டு”ன்னேன்.

மறு வருஷமே என் பங்குப் போர்வை வந்துடுச்சு. அக்கா சரித்திரத்துலயே அவ்வளவு சீக்கிரமா வந்தது அது ஒண்ணுதான். வெளியில என்னோட பழைய கத்திரிப்பூக் கலரு புடவை. கூறை எங்கன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல. ஆனா போர்வை ஏகத்துக்கு அகலம். ரெண்டு பேரு தாராளமாப் போத்திக்கலாம். எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஒத்த ஆளு படுக்கற வீட்டுக்கு எதுக்கு இத்தனை அகலம்னு கேட்டேன். துணி இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பாதியை மடிச்சுக் காலுக்குப் போட்டுக்கிட்டு அஞ்சு வருஷம் படுத்தேன்.

போன வருஷம் அவரு ஒரேயடியா வந்துட்டாரு. முட்டி தேய்ஞ்சுபோச்சு, இனிமே சாரம் ஏற முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. வந்த புதுசுல ஒரே வீட்ல ரெண்டு பேரு இருக்கறது எப்பிடின்னு எங்களுக்குத் தெரியல. அவரு குழம்பு குடிக்கிற சத்தம் எனக்குப் புடிக்கல. நான் சீரியல் பாக்கற சத்தம் அவருக்குப் புடிக்கல, அதுவும் அவரு அனுப்புன டிவியில. கட்டில்ல அந்தப் போர்வையை விரிச்சுப் போத்திக்கிட்டோம். அகலம் சரியாத்தான் இருந்துச்சு.

இந்த வருஷம் அவருக்கு அறுபது. திருக்கடையூர்ல வச்சு மாலை மாத்திடணும்னு பூர்ணிமா நாளெல்லாம் குறிச்சுட்டா. பத்தொன்பது நாளு இருக்கறப்ப, கஞ்சி குடிச்சுக்கிட்டே அவரு கேட்டாரு.

“உன் கூறைப்புடவை இருக்குல்ல? அய்யரு புதுசு கட்டணும்னா கட்டிக்க. முடிஞ்சதும் போட்டோவுக்கு அதைக் கட்டு.”

இருக்குன்னுட்டேன். வாயில இருந்து வந்துடுச்சு. மனுஷன் இத்தனை வருஷத்துல என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். இன்னொரு தடவை தாலி கட்டப்போற ஆளுகிட்ட, முதல் தடவை கட்டுனப்ப உடுத்தியிருந்ததை நானே வெட்டக் குடுத்துட்டேன்னு எப்பிடிச் சொல்றது? மாயவரம் போயி அதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாம்னு பாத்தா, கட்டம் கிடைக்கும், கலரு கிடைக்கும், அந்த ஓட்டைக்கு எங்க போறது? அவரு டீக்கடைக்குக் கிளம்புனதும் அக்காகிட்ட ஓடுனேன்.

அக்கா பூர்ணிமா மகன் போர்வைக்கு இன்னும் ஒரு சாண் சேத்துக்கிட்டு இருந்துச்சு. நான் விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே சொல்லுச்சு.

“இருபத்து நாலு துண்டு. பன்னெண்டு என் பங்குல. அது இன்னும் முடியல, கூடையில இருக்கு. பன்னெண்டு உன் கட்டில்ல இருக்கு.”

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆச்சு. வாரம்னா வாரம்தான், சரிபாதி. அந்தக் கத்திரிப்பூப் புடவைக்கு உள்ள அத்தனை வருஷமா அதுதான் இருந்திருக்கு. அதைத்தான் தினம் போத்திக்கிட்டுப் படுத்திருக்கோம். அக்காவைப் புடிச்சு நல்லா நாலு கேட்டேன். அது காதுல வாங்கிக்கல.

பிரிச்சு, எல்லாத்தையும் மறுபடி சேத்துத் தச்சா கட்டலாமான்னு கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசிச்சுட்டு, கட்டலாம், ஆனா உக்காரக் கூடாதுன்னுச்சு. நின்னுக்கிட்டே போட்டோ எடுத்துக்கறேன், நீ பிரின்னேன்.

மறுநாள் மத்தியானம் அவரு வாய்க்கா பாக்கப் போனதும் போர்வையை எங்க கூடத்துல விரிச்சோம். ஆளுக்கு ஒரு பிளேடு. தையலை ஒண்ணொண்ணா அறுத்தோம். அக்கா தையலு லேசுல விடல, என் விரல்ல ரெண்டு இடத்துல ரத்தம். ஒரு பக்கம் ரெண்டு முழம் பிரிச்சிருப்போம், உள்ள அரக்குச் செவப்பு எட்டிப் பாத்துச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதா துணி நனையும், தள்ளி உக்காந்து அழுன்னுச்சு அக்கா.

தள்ளி உக்காரத் திரும்புறேன், வாசப்படியில அவரு நிக்கிறாரு. மோட்டாரு ஓடலன்னு பாதியில திரும்பிட்டாராம். எவ்வளவு நேரமா நிக்கிறாருன்னு தெரியல. அக்கா மட்டும் அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

நான் சொல்லிட்டேன். நாந்தான் குடுத்தேன், நாந்தான் வெட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரம், டிவி மாட்டுன அன்னைக்குன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அக்கா மேல தப்பு இல்லன்னும் சொன்னேன். சத்தம் போடப் போறாரு, திருக்கடையூரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடப் போறாருன்னு நினைச்சேன்.

அவரு மெல்ல முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. போர்வையோட அந்தப் பக்கத்து மூலையைத் தேடி எடுத்தாரு. அது அவரு படுக்கற பக்கம். அந்த மூலையில நாலு விரக்கடை தையலு ஏற்கெனவே பிரிஞ்சிருந்துச்சு. நாங்க பிரிச்சது இல்ல. உள்ள விரலை விட்டு, மடிச்சிருந்த ஓரத்தை வெளிய இழுத்துக் காட்டுனாரு. மஞ்சக் கட்டம். கட்டத்துக்கு நடுவுல பட்டாணி அளவுக்கு ஓட்டை, சுத்தியும் கருகுனது அப்பிடியே இருந்துச்சு. ஓட்டைத் துண்டு ஓரத்துக்குத்தானே போவும்.

வந்த முதல் மாசமே பாத்துட்டாராம். தூக்கம் வராம நூலை நோண்டிக்கிட்டு இருந்தப்ப விரல்ல பட்டுச்சாம். எதுக்கு வெட்டுனன்னு நேராக் கேக்க வாய் வரலையாம். அதான் புடவை இருக்குல்லன்னு கேட்டாராம். கேக்க வேண்டியதை நேராக் கேக்கத் தெரியாத மனுஷன். நானும் அப்பிடித்தான், இல்லன்னு சொல்லல.

ஓட்டை மேல விரலை வச்சுக்கிட்டே சொன்னாரு.

“அன்னைக்கு நான் வந்திருக்கணும், ராசாத்தி.”

ஆறு வருஷமா எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். சொல்லிட்டாரு. அக்கா பிளேடைக் கீழ வச்சுது. ஊசியில நூலைக் கோத்து, பிரிச்ச ரெண்டு முழத்தையும் திருப்பித் தைக்க ஆரம்பிச்சுது. அவரு அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க அண்ணின்னாரு. அக்காவுக்கு அது புடிக்கல. விட்டுடுச்சு.

திருக்கடையூருக்குப் புதுப்புடவைதான் கட்டுனேன். மாலை மாத்தி, தாலி கட்டி, எல்லாம் முடிஞ்சு போட்டோவுக்கு உக்காரச் சொன்னப்ப, அவரு பையில இருந்து போர்வையை எடுத்து பெஞ்சு மேல விரிச்சு உக்காருன்னாரு. போட்டோகிராபர் தம்பி, அய்யா, பழைய துணி, படம் கெட்டுப்போயிடும், எடுத்துடுங்கன்னு மூணு தரம் சொல்லிப் பாத்துச்சு. இருக்கட்டும் தம்பின்னுட்டாரு. அக்கா ஓரமா உக்காந்து தன் பங்குப் போர்வையைத் தச்சுக்கிட்டு இருந்துச்சு. போட்டோவுல அதோட முழங்கையும் ஊசியும் மட்டும் வந்திருக்கு.

திரும்பி வரப்ப வேன்ல கேட்டேன், ஒத்த ஆளு வீட்டுக்கு ஏன்க்கா அவ்வளவு அகலமாத் தச்சன்னு. அதான் அப்பவே சொன்னேனே, துணி இருந்துச்சுன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

அந்தப் படிவத்துல அஞ்சாவது கேள்விக்கு, தப்பிச்சு முடிஞ்சதையெல்லாம் விட்டுட்டு, எங்க போர்வையை மட்டும் கணக்குல வச்சு ‘ஒன்று’ன்னு எழுதிட்டேன். அக்கா அதைப் படிச்சுட்டு ஒத்துக்க மாட்டேங்குது. மூலை பிரிஞ்சு கிடக்கறப்ப எப்பிடி முடிஞ்சதுன்னு எழுதலாம்னு கேக்குது. திருக்கடையூர் போயிட்டு வந்ததுல இருந்தே வாரத்துக்கு ஒருதரம் சுவரைச் சுத்தி வந்து, குடு, அந்த மூலையை மட்டும் அடிச்சுத் தந்துடுறேன்னு நிக்குது. நேத்தும் வந்துச்சு. எப்பக்கா திருப்பித் தருவன்னு கேட்டேன்.

“அறுப்பு முடிஞ்சதும் தரேன்.”

கட்டில்ல படுத்திருந்த அவரு, போர்வையைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டாரு. நான் குடுக்கல.